ரோட்டுக்கு அடித்த வெள்ளை என் வண்டிமேல் எதற்கு?

ஓர் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருந்தால் போதும். ஒரு பலகை, அதில் ‘பெயிண்ட் ஈரம்’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தால்கூடப் போதும். சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தாலே போதும். இவற்றில் ஒன்றுமே இல்லாத ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போனது என் குற்றமா? எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். “நீதாம்ப்பா பாத்து ஓட்டியிருக்கணும்.” எதைப் பார்ப்பது? இன்னும் முழுசாக விடியவில்லை. எதிரே பஸ் வருகிறது. இடது சக்கரத்தை ஓரத்துக்கு இறக்கினால்தான் இரண்டு வண்டிக்கும் வழி. அந்த ஓரத்தில்தான் சற்று முன்பு கோடு அடித்துவிட்டு, அடித்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பனி இறங்கும் நேரத்தில் அடித்த பெயிண்ட் எப்படிக் காயும்? என் டயர் அதை வாரி, முன் மட்கார்டிலிருந்து பின் பம்பர் வரைக்கும் அறைந்துவிட்டது.

உடனே நிறுத்திக் கழுவியிருக்கலாமே என்று அடுத்த கேள்வி கேட்கிறார்கள். பின் சீட்டில் இருந்தவர், டயாலிசிஸுக்காக முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா. அவரை ரோட்டோரம் உட்கார வைத்துவிட்டு நான் கதவைக் கழுவிக்கொண்டு நிற்பதா?

விழுப்புரம் பக்கம் முகையூரில் வாடகைக்கு ஓடுகிற வண்டி என்னுடையது. கார் என்றதும் வசதிக்காரன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மஞ்சள் போர்டு வண்டி ஐயா அது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். எங்கள் பக்கம் ரயில் ஓடுகிறது, பஸ் வருகிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட விடியுமுன்னே போய்ச் சேர வேண்டியவருக்கும், நடுராத்திரியில் வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சிக்கும், பௌர்ணமி இரவில் கிரிவலம் முடித்துத் திருவண்ணாமலையிலிருந்து திரும்ப வழியில்லாத பெரியவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களின் வண்டிதான். மிச்சம் பிடிப்பது முகூர்த்த நாளில். மாப்பிள்ளை கார் என்று கூப்பிட்டால் பூ ஜோடித்து நிறுத்துவோம். இந்த முறை பெண் வீட்டுக்காரர் வந்தார், கருநீல வண்டியின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருப்பதைப் பார்த்தார், வேறு வண்டி சொல்லிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மகள் கல்யாணமாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

ரோட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் எப்படிப்பட்டது என்று தெரியாதவர்கள்தான் “கழுவினா போயிடும்” என்கிறார்கள். அது போகாமல் இருப்பதற்கென்றே செய்தது. லாரி டயரும் வெயிலும் மழையும் சேர்ந்து தேய்த்தாலும் மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்று கலந்தது. இதில் இரண்டு வகை உண்டு. பெரிய சாலைகளில் போடுவது தெர்மோபிளாஸ்டிக். பொடியாக மூட்டையில் வரும். அதைக் கலனில் போட்டு 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உருக்கி, தள்ளுவண்டியில் ஊற்றி, இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்கு இழுப்பார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். இன்னொன்று டப்பாவில் வருகிற சாதாரண பெயிண்ட். பிரஷ்ஷாலோ ஸ்பிரேயாலோ அடிப்பது. காய நேரம் எடுக்கும். வேகத்தடையிலும் பாலத்துக் கட்டையிலும் ஓரக்கோட்டிலும் அவசர அவசரமாக அடித்துவிட்டுப் போவது பெரும்பாலும் இதைத்தான். தெறிப்பதும் இதுதான். இரண்டுக்கும் மேலே பொடிப்பொடியாகக் கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள், ராத்திரியில் நம் ஹெட்லைட் பட்டால் கோடு மின்ன வேண்டும் என்று. அந்தக் கண்ணாடி மணியும் சேர்ந்துதான் என் கதவில் ஒட்டியிருக்கிறது. துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி கீறிவிடும்.

வண்டியின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு மெல்லிய பூச்சு உண்டு. தலைமுடியின் தடிமன்கூட அதற்குக் கிடையாது. வண்டி மின்னுவது அதனால்தான். டிங்கரிங் கடை அண்ணன் பார்த்தவுடனே சொன்னார்: “தின்னர் போட்டா போயிடும் தம்பி. ஆனா உன் பெயிண்டும் சேந்து போயிடும்.” இதே கதியில் நிற்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தின்னரைத் தொடாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை பெயிண்ட் அடித்த பாகத்திலும் பம்பரிலும் அது உடனே பல்லைக் காட்டிவிடும். ஈரமாக இருக்கும்போதே வாட்டர் சர்வீஸில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச முடிந்தால் பாதி போய்விடும். காய்ந்துவிட்டால் வாசலினைக் கெட்டியாக அப்பி ஓர் இரவு ஊற விடலாம். அல்லது மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒத்தி வைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவலாம். எதுவானாலும் கண்ணில் படாத மூலையில் முதலில் செய்து பாருங்கள். இளகியதை நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ பொறுமையாக எடுக்க வேண்டும். பிளேடு வைக்கக் கூடாது. பிறகு கிளே பார் என்கிற களிக்கட்டி, பிறகு பாலிஷ். கதவு ஓரளவு தேறிவிட்டது. சக்கர வளைவில் இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக்கில் ஏறியது மட்டும் சொரசொரப்பில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். மஞ்சள் கோட்டுப் பெயிண்ட் பட்டவர்கள் அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். அந்த மஞ்சளுக்கு ஈய குரோமேட் சேர்ப்பது வெகுகால வழக்கம். பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு கட்டிய 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசுகிற பெயிண்டைப் பற்றித்தான் பேசுகின்றன.

எந்த ரோடு, எந்த காண்ட்ராக்டர் என்று நான் எழுதவில்லை. ஒருவரைக் கை காட்டினால் இதே மாதிரி கோடு போடுகிற மற்றவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள். காண்ட்ராக்டரின் ஆளைத் தேடிப் பிடித்தேன். “ஆபீஸ்ல போய்ச் சொல்லு” என்றார். ஆபீஸில், “காண்ட்ராக்ட் விட்டாச்சு, அவர்தான் பொறுப்பு” என்றார்கள். போலீசில் மரியாதையாகத்தான் பேசினார்கள். வேண்டுமென்றே, அல்லது சேதமாகும் என்று தெரிந்தே ஒரு பொருளைக் கெடுத்தால்தான் அது குற்றம். கவனக்குறைவால் பொருள் கெட்டால் சிவில் வழக்குத்தான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஒரு பக்கக் கதவுக்காகக் கோர்ட்டுக்கு எத்தனை வருஷம் நடப்பது? இன்சூரன்ஸில் கேட்கலாமே என்றார் ஏஜென்ட். ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால், வருஷா வருஷம் சேர்ந்து 50 சதவீதம் வரை ஏறக்கூடிய நோ க்ளெய்ம் போனஸ் கையை விட்டுப் போய்விடும். ஆக, யாரோ செய்த தப்புக்கு என் பிரீமியம் ஏறும்.

விதி இல்லையா? இருக்கிறது. ரோட்டில் கோடு எப்படிப் போட வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 35 இருக்கிறது, 2015-ல் திருத்தியது. ரோட்டில் வேலை நடக்கும்போது போக்குவரத்தை எப்படிக் காப்பது என்பதற்குத் தனியாக ஐஆர்சி எஸ்பி 55 இருக்கிறது, 2014-ஆம் ஆண்டுடையது. வேலை நடக்கிற இடத்துக்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, பிறகு வண்டிகளை மெல்ல விலக்கிவிடக் கூம்பு வரிசை, வேலையிடத்தைச் சுற்றித் தடுப்பு, முடிகிற இடத்தில் முடிந்தது என்று ஒரு பலகை. எல்லாம் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ரோட்டைப் போடுகிறவரும் பராமரிக்கிறவரும் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றார்கள். படித்துப் பார்த்தேன். தவறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எப்போது? யாராவது செத்தால், அல்லது ஊனமானால். அந்தப் பணமும் போவது விபத்து நிதிக்கு. ஒருவர் சாகும்வரை, ஊனமாகும்வரை இந்தப் பிரிவு கண் திறக்காது என்றால் அதை எதற்கு எழுதினார்கள்?

கலிஃபோர்னியாவில் மாநிலப் போக்குவரத்துத் துறையே, அதன் ரோட்டில் வண்டிக்குச் சேதம் வந்தால் இழப்பீடு கேட்க ஒரு படிவம் வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. விசாரிப்பார்கள், மறுப்பார்கள். மறுக்கட்டுமே. மறுக்கவாவது அங்கே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே என் மனுவை வாங்கிக்கொள்ளவே ஆள் இல்லை.

கோடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே விளக்கில்லாத ரோட்டில் மழை ராத்திரியில் ஓட்டுகிறவனுக்குத்தான் அந்த வெள்ளைக் கோட்டின் அருமை தெரியும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழை ரோட்டோர மண்ணை அரித்துக்கொண்டு போன நாட்களில் தார் எங்கே முடிகிறது என்று காட்டியது அதுதான். உயிரைக் காக்கிற கோட்டைப் போடும்போதே உயிரைப் பற்றி நினைக்காமல் போடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பையன்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கயிறு பிடித்து அளவு போடுகிறவனும், குனிந்தபடி பிரஷ் இழுக்கிறவனும், கொதிக்கிற கலனைக் கையுறை இல்லாமல் கிளறுகிறவனும் எங்கிருந்தோ பிழைக்க வந்த பிள்ளைகள். அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் நாங்கள் எண்பதில் வருகிறோம். எனக்கு வைக்காத கூம்பு அவர்களுக்கும் வைக்காத கூம்புதான். 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. மத்திய அரசின் கணக்கு அது: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். என் கதவில் பெயிண்ட் தெறித்தது என்றால், அந்தச் சக்கரம் போன இடத்திலிருந்து ஆள் அப்போதுதான் எழுந்து போயிருக்கிறான் என்று அர்த்தம். அவன் இன்னும் கொஞ்சம் மெதுவாக வேலை செய்திருந்தால்? ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது நான். காலமெல்லாம் அதை நான் சுமந்திருப்பேன். கூம்புக் காசை மிச்சம் பிடித்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அன்றைக்கு என் வண்டி மட்டும் கெடவில்லை. பின்னாலேயே பைக்கில் வந்தவரின் வேட்டி, சைக்கிளில் போன பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பாவாடை. வீட்டில் இருக்கிற யூனிஃபார்மே ஒன்றோ இரண்டோ. அந்தத் தாய் யாரிடம் போய்க் கேட்பாள்?

நான் கேட்கப் போகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழே பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு எழுதிவிட்டேன். அந்த வேலையின் ஒப்பந்த நகல் வேண்டும். அதில் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு என்று எவ்வளவு போட்டிருக்கிறார்கள், எவ்வளவு பில் எடுத்தார்கள் என்று தெரிய வேண்டும். அன்று வேலையிடத்தில் மேற்பார்வை பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்றும் கேட்டிருக்கிறேன். 30 நாளில் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். பதில் வந்ததும் அதையும், கதவை எடுத்த போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அம்மாவும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.