எதிர்ல வர்றவரும் மனுஷன்தான் பாஸ்!

செமஸ்டர் லீவு விட்டா போதும்... நம்ம பசங்க வண்டிக்கு அலங்காரம் ஆரம்பிச்சிடுவாங்க. முதல்ல ஸ்டிக்கர், அடுத்தது சைலன்சர் (அதைத் திட்டுறதுக்குத் தனியா ஒரு வாரம் வேணும்!), அப்புறம் எல்.இ.டி. ஹெட்லைட். சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. "பழைய பல்பைக் கழட்டு தம்பி, இதைச் சொருகு. பத்தே நிமிஷம். ரோடு பகல் மாதிரி ஆயிடும்!"னு கடைக்கார அண்ணன் அடிச்சுச் சொல்வார்.

அப்படி ஒரு டப்பாவைக் கையில வாங்கித் திருப்பிப் படிச்சேன். முன்பக்கம் கொட்டை எழுத்துல '20,000 லூமென்ஸ்'. பின்பக்கம் பொடி எழுத்துல '20 வாட்ஸ்'. இன்ஜினீயரிங் படிக்கிறோம்னு வெளிய சொல்லிக்கிறோமே, வகுத்துப் பார்க்க வேண்டாமா? ஒரு வாட்டுக்கு 1,000 லூமென்ஸ் வருது. ஆனா இயற்கையே போட்டு வெச்சிருக்கிற உச்சவரம்பு வாட்டுக்கு 683 லூமென்ஸ்தான். அதுவும் நம்ம கண்ணுக்கு ரொம்பப் பிடிச்ச 555 நானோமீட்டர் பச்சை வெளிச்சமா மட்டும், துளிகூட சூடா வீணாகாம வந்தா. வெள்ளை வெளிச்சத்துல அதுல பாதி தேறினாலே அதிகம். கடையில கிடைக்கிற நல்ல எல்.இ.டி. வாட்டுக்கு 100, 150 கொடுத்தா அதுவே சூப்பர். அப்படின்னா அந்த டப்பாவுக்குள்ள இருக்கிறது 2,000, மிஞ்சிப்போனா 3,000. மீதி 17,000 லூமென்ஸ் அட்டைப்பெட்டி அச்சடிச்சவரோட கற்பனை!

சரி, அந்த 2,000-மே குறைச்சல் இல்லைதான். புல்லட் மாதிரி வண்டிகள்ல வர்ற ஹெச்4 ஹாலஜன் பல்ப், டிம்ல 55 வாட்ஸ் தின்னுட்டு சுமார் 1,000 லூமென்ஸ்தான் தருது. அதனால எல்.இ.டி. பிரகாசம்ங்கிறதுல சந்தேகமே இல்லை. கேள்வி வேற. அந்த வெளிச்சம் எங்கே போய் விழுது?

இங்கதான் நம்ம பழைய பல்போட மூளையைப் பார்க்கணும். ஹெச்4-ஐக் கையில எடுத்து உத்துப் பாருங்க (கண்ணாடியில விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பட்டா சீக்கிரம் போயிடும்). உள்ளே ரெண்டு இழை. ஒண்ணு டிம், ஒண்ணு பிரைட். டிம் இழைக்குக் கீழே மட்டும் ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்ப்பக்கம் போற வெளிச்சத்தை அது மறிச்சிடுது. அதனால ரிஃப்ளெக்டரோட மேல் பாதி மட்டும்தான் டிம்ல வேலை செய்யும். மேல் பாதியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழ்நோக்கி ரோட்டுல விழும். ஸ்ப்ளெண்டர், பல்சர் வகையறாவுல பல வருஷமா ஓடின 35/35 வாட்ஸ் ஹெச்எஸ்1 பல்பும் இதே குடும்பம்தான். இழை எந்த இடத்துல நிக்கணும்னு மில்லிமீட்டர் சுத்தமா கணக்குப் போட்டுத்தான் ரிஃப்ளெக்டரோட வளைவையே செதுக்கியிருப்பாங்க.

அந்த இடத்துல எல்.இ.டி.யைச் சொருகினா என்ன ஆகும்? இழைங்கிறது மெல்லிசான சுருள், சுத்திலும் வெளிச்சம் பரப்பும். எல்.இ.டி. பல்புல ஒரு பட்டையோட ரெண்டு பக்கமும் தட்டையா சிப் ஒட்டியிருக்கும். இடமும் வேற, அளவும் வேற, வெளிச்சம் பரவுற திசையும் வேற. ரிஃப்ளெக்டர் பாவம், அதுக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான்.

நம்பிக்கை இல்லையா? நாங்க ஹாஸ்டல் பின்பக்கச் சுவர்ல பண்ணின சோதனையை நீங்களும் பண்ணலாம், செலவே கிடையாது. ஒரே மாடல் பைக் ரெண்டு. ஒண்ணுல கம்பெனி ஹாலஜன், இன்னொண்ணுல ரூம்மேட் புதுசா மாட்டின எல்.இ.டி. சுவத்துல இருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, ரெண்டையும் டிம்ல போட்டோம். ஹாலஜன் வண்டி சுவத்துல ஸ்கேல் வெச்சுக் கோடு கிழிச்ச மாதிரி... கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எல்.இ.டி. வண்டிக்குக் கோடும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெளிச்சம் சுவரைத் தாண்டி, பின்னாடி நின்ன வேப்பமரத்து உச்சி வரைக்கும் ஏறிடுச்சு. மரத்துல தூங்கிட்டிருந்த காக்கா முழிச்சுக் கத்துச்சு! பிரைட் போடாமலே.

இன்னொண்ணும் கவனிச்சோம். அந்த வண்டிக்கு முன்சக்கரத்துல இருந்து நாலைஞ்சு மீட்டருக்குத் தரை சும்மா கண்ணு கூசுது. ஓட்டுறவனுக்கு அதுதான் 'ஆஹா'. ஆனா கிட்டத்துல பளீர்னு இருந்தா கண்ணுப் பாப்பா சுருங்கிடும். தூரத்துல இருட்டுல நிக்கிற மாடு அப்போதான் தெரியாமப் போகும். மாட்டைப் பார்க்கத்தானே ராசா காசு போட்டு லைட் மாத்தினே?

இப்போ எதிர்ப்பக்கம் போவோம். நம்ம ஊர் ஸ்டேட் ஹைவேஸ் பலதுல நடுவுல தடுப்பே கிடையாது. எதிர்ல டிவிஎஸ் எக்ஸெல்ல பால் கேன் கட்டிக்கிட்டு ஒரு பெரியவர் வர்றார்னு வெச்சுக்கங்க. வயசு ஆக ஆக, கூச்சத்துல இருந்து கண்ணு மீண்டு வர்றதுக்கு நேரம் கூடும். புரை விழ ஆரம்பிச்ச கண்ணுன்னா வெளிச்சம் உள்ளேயே சிதறிப் புகை மண்டலமா தெரியும். உங்க வண்டி அவரைக் கடந்த பிறகு ஒரு மூணு விநாடி அவருக்கு ஒண்ணும் தெரியலைன்னா, 50 கி.மீ. வேகத்துல அது 40 மீட்டருக்கும் மேல. அந்த 40 மீட்டருக்குள்ள ரோட்டோரமா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஒருத்தர் நடந்து போறார். எல்.இ.டி. மாட்டினது அவரும் இல்லை, பெரியவரும் இல்லை. நீங்க அதுக்குள்ள ரெண்டு வளைவு தாண்டிப் போயிருப்பீங்க. பின்னாடி என்ன ஆச்சுன்னுகூட உங்களுக்குத் தெரிய வராது.

ஒரு காலத்துல நம்ம ஊர்ல கார், பஸ், லாரி ஹெட்லைட் எல்லாத்துக்கும் நடுவுல கறுப்பா ஒரு பொட்டு இருக்கும், அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. திருஷ்டிப் பொட்டு இல்லை அது. எதிர்ல வர்றவங்க கண்ணைக் குருடாக்கக் கூடாதுன்னு போலீஸே வண்டியை நிறுத்தி ஒட்டிவிட்ட ஸ்டிக்கர். அந்த மங்கின மஞ்சள் லைட்டுக்கே பொட்டு வெச்ச ஊர் நம்ம ஊர்!

'அப்போ ஃபாரின்ல மட்டும் எப்படி மாத்துறாங்க?'ன்னு கேப்பீங்க. ஜெர்மனியில ஹாலஜனுக்குப் பதிலா எல்.இ.டி. பல்ப் மாட்ட 2020லதான் முதல் அனுமதி கிடைச்சது. ஓஸ்ராம் கம்பெனியோட ஹெச்7 பல்புக்கு. அதுவும் 'எல்லா வண்டிக்கும் ஓகே' இல்லை. எந்தக் கார்ல, எந்த ஹெட்லைட்டுல அந்தப் பல்பைப் போட்டுச் சோதிச்சு பாஸ் ஆச்சோ, அந்தப் பட்டியல்ல இருக்கிற வண்டிக்கு மட்டும்தான். பல்பை மட்டும் தனியா எடுத்து நல்லது, கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லவே முடியாதுங்கிறது இதுலேயே புரியுதா? நம்ம சட்டமும் சும்மா இல்லை. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாம வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாசம் வரை ஜெயிலோ, ரெண்டுமேவோ போடலாம். பாக்கெட் மணி தாங்காதுப்பா.

அதுக்காக 'எல்.இ.டி.யே வேண்டாம்'னு நான் பெருசு மாதிரி அட்வைஸ் பண்ண வரலை. கம்பெனியிலேயே எல்.இ.டி.க்குன்னு லென்ஸ், ரிஃப்ளெக்டர் எல்லாம் வடிவமைச்சு வர்ற ஹெட்லைட் இப்போ நிறைய மாடல்ல இருக்கு, அதெல்லாம் பிரமாதம். பழைய வண்டி வெச்சிருக்கிற நம்ம ஆளுங்க பின்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா நல்லதுன்னு சொல்றேன். பிரேக் லைட்! இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி. தொட்டவுடனே எரிஞ்சிடும். 60 கி.மீ. வேகத்துல பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு அந்த 0.2 விநாடி, 3 மீட்டருக்கும் மேல. உங்க முதுகுக்கும் பஸ்ஸோட பம்பருக்கும் நடுவுல 3 மீட்டர் எக்ஸ்ட்ரா கிடைச்சா கசக்குமா?

சிவப்பு லென்ஸுக்குள்ள வெள்ளை எல்.இ.டி. போடாதீங்க. வெள்ளை எல்.இ.டி.ங்கிறது நீல எல்.இ.டி. மேல மஞ்சள் பூச்சு. (அந்த நீலத்தைச் சாதிச்சதுக்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல நோபல்.) அதுல சிவப்பு கம்மி. லென்ஸ் வடிகட்டினா வெளுத்துப்போன ரோஸ்தான் மிஞ்சும். சிவப்புக்கு சிவப்பு, இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு. ஆனா ஒரு சிக்கல்... நிறைய பைக்குல நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் தர்றதும் இதே டெயில் பல்புதான். முழுச் சிவப்பைப் போட்டா நம்பர் பிளேட்டும் செவந்து நிக்கும். கீழ்ப்பக்கம் மட்டும் வெள்ளை சிப் இருக்கிற பல்பான்னு பார்த்து வாங்குங்க.

இண்டிகேட்டர் மாத்தினவங்க எல்லாரும் அடுத்த நாளே மெக்கானிக் அண்ணன்கிட்ட ஓடுவாங்க: "அண்ணே, படபடன்னு அடிக்குதுண்ணே!" வண்டிக்குப் பேய் பிடிக்கலை. ரெண்டு 10 வாட்ஸ் பல்ப் இழுக்கிற கரண்டை எதிர்பார்த்து உக்காந்திருக்கிற ஃப்ளாஷர், எல்.இ.டி. இழுக்கிற துளிக் கரண்டைப் பார்த்து 'பல்ப் ஃபியூஸ் போல'ன்னு நினைச்சுக்குது. சில பழைய வண்டியில கண் சிமிட்டவே சிமிட்டாது. எல்.இ.டி.க்கான எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாத்துறதுதான் வைத்தியம். ரெசிஸ்டர் கட்டிச் சரிபண்றதும் உண்டு, ஆனா மிச்சம் பிடிச்ச கரண்டை அது சூடாக்கித் தின்னுடும். பக்கத்துல பிளாஸ்டிக் இருந்தா இன்னும் வம்பு.

முன்னாடி நிஜமாவே வெளிச்சம் பத்தலையா? வயரைப் பாருங்க. ஹாலஜனுக்குப் போற வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் குறையும். பத்து வருஷ வண்டியில துருப்பிடிச்ச சுவிட்ச், நொந்துபோன வயர், லூஸ் எர்த் எல்லாம் சேர்ந்து இதைத்தான் பண்ணுது. பேட்டரியில இருந்து நேரா ஒரு ரிலே போட்டு வயரிங் பண்ணி, புது ஹாலஜன் மாட்டி, ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தா அதையும் மாத்துங்க. முதல்ல ஒரு விஷயம் கேட்டுக்கங்க: பழைய வண்டிகள் சிலதுல ஹெட்லைட்டுக்கு பேட்டரி டி.சி. போகாது, இன்ஜின்ல இருந்து நேரா ஏ.சி.தான். ஆக்ஸிலரேட்டர் முறுக்கினா பிரகாசமாகி, விட்டா மங்குதா? அந்த ரகம்தான். மெக்கானிக்கைக் கேட்காம அதுல கை வைக்காதீங்க.

அப்புறம் அந்த சுவர் கோடு. அதைப் பார்க்கும்போது பின்சீட்டுல வழக்கமா ஏறுற நண்பனையும் உக்கார வைங்க. அவன் ஏறினதும் வண்டி பின்னாடி அமுங்கும், லைட் மேலே தூக்கும். 5 மீட்டர் தள்ளி நிக்கிற சுவத்துல, கோடு உங்க ஹெட்லைட் உயரத்துக்கு அஞ்சாறு சென்டிமீட்டராவது கீழே இருக்கணும். இல்லைன்னா ஹெட்லைட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்க்ரூவைத் திருகி இறக்குங்க. ரெண்டு பேரை ஏத்தி ட்ரிபிள்ஸ் போறவங்களுக்கு எந்த ஸ்க்ரூவும் பத்தாது, சொல்லிட்டேன்.

அடுத்த வாரம்: ஏர் ஹாரன். பஞ்சோட வாங்க!