எரிமலைத் தீவில் இறங்க வேண்டாம்

கோடை விடுமுறைக்கும் பூஜை விடுமுறைக்கும் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் குடும்பங்கள் போடும் பயணத் திட்டங்களில் அந்தமானுக்கு இப்போது நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் வந்துவிடும். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், கடைத்தெருவில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணத் திட்டத்தில் விமானத்தில் அந்தமான் போய்வரச் சிறப்புச் சலுகை உண்டு. ரயில்வே, விமானப்படை என்று மத்திய அரசுக் குடும்பங்கள் நிறைந்த தாம்பரம் வட்டாரத்தில் இது பெரிய ஈர்ப்பு.

செல்லுலார் சிறை, ஹேவ்லாக் கடற்கரை, நீல் தீவு என்றிருந்த அந்தப் பட்டியலில் சில காலமாக ஓர் எரிமலையும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலையான பாரன் தீவுதான் அது. முன்பு பெரும்பாலும் ஆழ்கடல் முக்குளிப்போரும் ஆய்வாளர்களும்தான் அங்கே போனார்கள். 2025 அக்டோபரில் அந்தமான் நிர்வாகமே பயணிகள் கப்பலொன்றை இரவில் கிளப்பி, விடியும்போது தீவின் அருகே கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கூட்டிவந்தது. நல்ல முயற்சி, வரவேற்கலாம். ஆனால், இந்தப் பயணத்தைப் பற்றி விசாரிக்கிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்று இருக்கிறது: “அங்கே இறங்க விடுவாங்களா?”

விட மாட்டார்கள். தீவு முழுவதும் வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதியோடு கப்பலில் சுற்றிவரலாம், கரையில் கால் வைக்கக் கூடாது. இந்தத் தடை இன்று போலவே என்றும் நீடிக்க வேண்டும். சுற்றுலா வளர வளர, ‘பணம் கட்டி இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுமனே பார்த்துவிட்டுப் போவதா?’ என்கிற அழுத்தமும் வளரும். அதற்கு நிர்வாகம் இணங்கிவிடக் கூடாது; நாமும் அந்த அழுத்தத்தைக் கொடுக்கக் கூடாது.

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் கடலுக்கு மேல் நிற்கிறது பாரன் தீவு. குறுக்களவு மூன்று கி.மீ. அளவுதான், உயரம் சுமார் 350 மீட்டர். நம் கண்ணுக்குத் தெரிவது உச்சி மட்டுமே. கடலடியிலிருந்து கணக்கிட்டால் இரண்டு கி.மீ.க்கும் மேல் எழுந்து நிற்கும் மலை அது. பழைய காலத்தில் வெடித்துச் சரிந்த பெரிய எரிமலையின் சுவர் வட்டமாகச் சூழ்ந்திருக்க, நடுவே புதிய கூம்பு நிமிர்ந்திருக்கிறது. வட்டத்தின் மேற்குப் பக்கம் உடைந்து திறந்திருப்பதால், கப்பல் அந்தப் பக்கம் வரும்போது உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்: கரிய சாம்பல் மணல் சரிவு, கடல்வரை வழிந்து இறுகிய எரிகுழம்புப் பாறை, உச்சியில் புகை. கிழக்குச் சுவரின் வெளிப்புறத்திலோ பச்சைக் காடு. மனிதர்கள் குடியிருந்ததில்லை. எப்போதோ கப்பல்களிலிருந்து விடப்பட்ட ஆடுகளின் வழித்தோன்றல்கள் அந்தச் சாம்பல் காட்டில் எப்படியோ பிழைத்திருக்கின்றன. பழந்தின்னி வௌவால்களும் சில பறவைகளும் உண்டு.

இந்த எரிமலை சீறியது பற்றிய முதல் பதிவு 1787ஆம் ஆண்டுக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு ஓய்ந்ததுபோல் கிடந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்படிக் கிடந்ததைப் பார்த்து, அது அணைந்துவிட்டது என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். 1991இல் மறுபடி வெடித்தது. பிறகு 1994, 2005 என்று தொடர்ந்தது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்தபோதே சாம்பலைக் கக்கியது. 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் பதிவாயின. அவ்வாறு குமுறிய அடுத்த மாதம்தான் சுற்றுலாக் கப்பல் போனது. கப்பல் போனது தவறென்று சொல்லவரவில்லை. தொலைவில் நின்று பார்ப்பதற்கு அது பொருத்தமான இடம்தான். அங்கே இறங்குவது எப்படிப்பட்ட காரியம் என்பதை இந்தத் தேதிகள் காட்டுகின்றன.

இறங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊகமே தேவையில்லை. நியூசிலாந்தின் வக்காரி தீவும் கடலில் நிற்கும் சின்ன எரிமலைதான். அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பயணிகளைப் படகில் கூட்டிப்போய், தலைக்கவசமும் வாயுமுகமூடியும் கொடுத்து, எரிமலை வாய்க்குள்ளேயே நடக்கவிட்டார்கள். 2019 நவம்பரில் எச்சரிக்கை நிலையை ஒரு படி உயர்த்தினார்கள். சுற்றுலா நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 9 பிற்பகலில் தீவு வெடித்தது. அப்போது 47 பேர் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோர் ஒரே சொகுசுக் கப்பலில் வந்த பயணிகள். 22 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு உடலெங்கும் தீக்காயம்.

பின்னால் நடந்த வழக்கையும் நாம் கவனிக்க வேண்டும். தீவுக்குச் சொந்தமான நிறுவனத்தைக் கீழ் நீதிமன்றம் 2023இல் குற்றவாளி என்றது. 2025இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. தீவில் நடந்த சுற்றுலா வேலைகளை மேலாண்மை செய்யும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு இல்லை என்பது காரணம். அனுமதி கொடுத்தவர், கூட்டிப்போனவர், எச்சரித்தவர் எல்லோரும் தனித்தனியே நிற்க, நடுவில் செத்தது பயணி. பாதுகாப்புச் சட்டங்கள் கறாராக இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை. அந்தமானில் நிர்வாகம், வனத்துறை, கப்பல் துறை, தனியார் முகவர், தாம்பரத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் என்று பொறுப்பு ஐந்து கைகளில் சிதறினால், யாரை யார் கேட்பது?

அப்படியானால் வறண்ட எரிமலைத் தீவில் சுற்றுலாவே கூடாதா? கூடும். அதற்கும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் ஸ்பெயினின் லான்சரோட்டே தீவு மழை குறைந்த வறண்ட பூமி. 1730இலிருந்து 1736 வரை ஆறு ஆண்டுகள் விடாமல் எரிகுழம்பு வழிந்து, தீவில் ஏறக்குறைய கால்வாசி நிலம் மூடிப்போனது. அந்தக் கருநிலத்தை 1974இல் தீமான்ஃபாயா தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே போகிறவர் தன் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் பூங்காவின் பேருந்தில் ஏற வேண்டும். அது எரிமலைக் குன்றுகளுக்கு நடுவே ஒற்றைச் சாலையில் போகும், ஜன்னல் வழியே பார்க்கலாம், கீழே இறங்க முடியாது. பேருந்து கிளம்பும் இடத்தில் ஊழியர் ஒருவர் தரையில் உள்ள குழிக்குள் காய்ந்த முள்செடியைத் தள்ளுவார். சில நொடிகளில் அது தானாகப் பற்றிக்கொள்ளும். தரையில் பதித்த குழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்; அடுத்த கணம் ஆளுயரத்துக்கு மேல் நீராவி சீறும். சில மீட்டர் கீழே பல நூறு டிகிரி வெப்பம் இருக்கிறது என்பதைக் குழந்தைக்கும் புரிய வைக்க அது போதும். கால்நடையாகப் போக விரும்புவோருக்கு முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். அதுவும் சிறு குழுக்களாக மட்டுமே. சாம்பல் மணலில் ஒருமுறை பதிந்த கால் தடம் எளிதில் மறையாது என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. இத்தனைக்கும் தீமான்ஃபாயா வெடித்து இரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பாரன் தீவு 2025இல் குமுறியது.

எரிமலைத் தீவைக் காட்ட நல்ல வழி இருக்கிறது என்பது அந்த வாளித் தண்ணீரிலேயே தெரிகிறது. நாம் செய்யத் தவறுவது அதைத்தான். பாரன் தீவுக்குப் போகும் கப்பலில் ஒரு புவியியலாளர் இருந்து, இந்தியப் புவித்தட்டு எப்படிப் பர்மா தட்டுக்கு அடியில் நழுவிப் போகிறது, அங்கே உருகும் பாறை எப்படி இங்கே மேலே வருகிறது என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் சொன்னால், இறங்க முடியவில்லையே என்ற ஏக்கம் யாருக்கும் வராது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரைக் குப்பங்களை வாரிச்சென்ற ஆழிப்பேரலையும் இதே தட்டுகளின் நழுவலில்தான் பிறந்தது. அந்த அலை நம் கோவளத்தையும் கானத்தூரையும் தொட்டது. ஆழிப்பேரலையைக் கண்டறியும் மிதவைகளைக் கடலில் நிறுத்தும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. பாரன் தீவு நமக்கு அந்நியமான அதிசயம் அல்ல என்று விளங்க இவ்வளவு போதாதா?

இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் பல்லாவரம், திரிசூலம் தாண்டும்போது தெரியும் குன்றுகள் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை. எரிமலைப் பாறை அல்ல. ஆனால், பூமிக்கடியில் இருபது கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பகுதியிலிருந்து போன கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். உலகப் பாடநூல்கள் இன்றும் அதையே சொல்கின்றன. பரங்கிமலையில் இந்தப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அப்படிப்பட்ட குன்றுகளை வெடிவைத்து ஜல்லியாக்கினோம். மிச்சம் இருப்பது ஆழமான கல்குட்டைகள். வெயில் காலத்தில் குளிக்கப்போன பிள்ளைகளைப் பலிகொள்ளும் குட்டைகள். கையருகே இருந்ததைத் தோண்டித் தீர்த்த அனுபவம் நமக்கு இருக்கிறது. பாரன் தீவில் இறங்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வக்காரியைப் போலவே திரிசூலமும் காரணம்.

அந்தமான் நிர்வாகம் அடுத்த பருவத்துக்கு டிக்கெட் விற்குமுன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கப்பல் தீவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை எழுத்தில் அறிவிக்கட்டும். ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம் பாரன் தீவின் சாம்பல் பற்றி விமானங்களுக்கு எச்சரிக்கை விடுகிறது. கப்பல் பயணிகளுக்கும் அது அன்றன்றே கிடைக்க வேண்டும். நிலைமை சரியில்லை என்றால் பயணத்தை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பணம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை பயணியும் முகவரும் ‘போயே தீர வேண்டும்’ என்றுதான் நிற்பார்கள்.

போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேற்குப் பக்கம் கப்பல் திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பைனாகுலர் எடுத்துப்போங்கள், பிள்ளைகளை மேல்தளத்துக்குக் கூட்டிப்போங்கள். சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று யாராவது தனியாகப் பேரம் பேசினால், முடியாது என்று சொல்லிவிட்டு வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.