முழுத் தொகுப்பையும் கேட்போம், கூடிப் பேசுவோம்

2024 பிப்ரவரியில் ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ இசைத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தபோது தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்கள் வாழ்த்துகளால் நிரம்பின. விருதுப் படங்கள் நிமிடத்துக்கு நிமிடம் கைமாறின. ஆனால், தொகுப்பிலுள்ள எட்டுப் பாடல்களையும் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர்கள் அந்தக் குழுக்களில் எத்தனை பேர்? கேட்டுவிட்டு அதைப் பற்றி நாலு வார்த்தை பேசியவர்கள் எத்தனை பேர்? குறிப்பாகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்தத் தொகுப்பில் குழுவின் தாளக் கலைஞர் செல்வகணேஷ் வாசித்திருப்பது கஞ்சிரா. கஞ்சிராவைக் கர்நாடக இசை மேடையில் ஏற்றி, மிருதங்கத்துக்குப் பக்கத்தில் மரியாதையோடு உட்காரவைத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளை.

1859 முதல் 1922 வரை வாழ்ந்தவர் அவர். பஜனைக் கூடத்தில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கருவியை எடுத்துச் சீர்செய்து கச்சேரிக்கு உரியதாக்கினார். ஒரு சாண் அகலம்கூட இல்லாத பலாமரச் சட்டம், ஒருபக்கம் உடும்புத் தோல், மறுபக்கம் திறந்த வாய், சட்டத்தின் பிளவில் ஒற்றைச் சலங்கை. கஞ்சிரா அவ்வளவுதான். வாசிக்கும் முன் தோலின் உட்புறத்தில் தண்ணீர் தொட்டுத் தடவுவார்கள். ஈரம் ஏறினால்தான் சுருதி இறங்கி, அடிநாதம் பேசும். இடது கை கருவியைப் பிடித்தபடியே விரலால் தோலை அழுத்தி நாதத்தை வளைக்க, சொற்கட்டு முழுவதையும் வலது கை ஒன்றே வாசித்தாக வேண்டும். நடுவில் தோல் காய்ந்தால் மறுபடியும் தண்ணீர். உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்படும் உயிரினம் என்பதால் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டன. அந்த மாற்றத்தால் ஒலி எப்படி மாறியிருக்கிறது என்பதே ஒரு மாலை முழுவதும் பேசக்கூடிய விஷயம்.

மான்பூண்டியா லயக் கணக்குக் கற்றது மாரியப்பத் தவில்காரரிடம். தவிலின் கணக்கு அவர் வழியாகக் கஞ்சிராவுக்கும் மிருதங்கத்துக்கும் இறங்கியது. அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936), பிறகு பழனி முத்தையாப் பிள்ளை, அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) என்று அது ஒரு பரம்பரையாகவே நீண்டது. தஞ்சாவூர் பாணி, புதுக்கோட்டை பாணி என்று மிருதங்கத்தைப் பிரித்துச் சொல்வது இதனால்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரன் 1971-ல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், பல பத்தாண்டுகள் கனடா மாணவர்களுக்கு இந்தப் பாணியைச் சொல்லிக்கொடுத்தார். அங்கே வகுப்பில் கேட்டுப் பேசப்பட்ட ஒன்று, புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் வளரும் பிள்ளையின் காதுக்கும் எட்ட வேண்டும்.

தடை எங்கே இருக்கிறது? பாட்டு கிடைக்காதது தடை இல்லை. எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது. பழைய எல்.பி. இசைத்தட்டின் உறையைத் திருப்பினால் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று அச்சிட்டிருப்பார்கள். கேசட்டின் மடிப்புத்தாளிலும் ஓரளவு இருந்தது. இன்றைய செயலிகளில் பாட்டின் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பக்கவாத்தியத்தால் பெயர் பெற்ற ஒரு மாவட்டத்துக்கு இது சாதாரண இழப்பு இல்லை. போதாக்குறைக்கு, ஒரு பாட்டு முடிவதற்குள் செயலியே அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. தொகுப்பில் எந்தப் பாட்டு எதற்குப் பின் வர வேண்டும் என்று யோசித்து வைத்த ஒருவரின் உழைப்பு அதில் அடிபட்டுப் போகிறது.

இந்த இழப்பை ஈடுகட்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. பத்து இருபது பேர் சேர்ந்து வாரம் ஒரு தொகுப்பை முழுதாகக் கேட்டு, அதைப் பற்றி இணையத்தில் கூடிப் பேசுவது. வெளிநாடுகளில் இது நிலைபெற்ற பழக்கம். லண்டனில் 2010-ல் தொடங்கிய ‘கிளாசிக் ஆல்பம் சண்டேஸ்’ கூட்டங்களில் ஒரு தொகுப்பை இடையில் பேச்சில்லாமல் முழுக்க ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ‘சார்லட்டன்ஸ்’ குழுவின் பாடகர் டிம் பர்ஜஸ் ட்விட்டரில் ஒரு கேட்பு விருந்தைத் தொடங்கினார். குறித்த நேரத்தில் அவரவர் வீட்டில் ஒரே தொகுப்பை ஓடவிட வேண்டும். அதை உருவாக்கிய கலைஞரே ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னணி சொல்லிக்கொண்டு வருவார். வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள்.

தமிழர்களுக்கும் இது புதிதில்லை. திரைப்பாட்டு ரசிகர்கள் இணையம் வந்த தொடக்கக் காலத்திலேயே ‘டி.எஃப்.எம். பேஜ்’ போன்ற இடங்களில் கூடி, இந்தப் பாட்டுக்குக் கோரஸ் யார், அந்த வயலின் யாருடையது என்று துருவித் துருவிப் பேசினார்கள். கர்நாடக இசைப் பதிவுகளைக் காசு வாங்காமல் பகிர்ந்துகொள்ள ‘சங்கீதப்ரியா’ தளம் இருக்கிறது. அதற்கும் முன்னால், ஊர்ப் பொது இடத்தில் பஞ்சாயத்து ரேடியோ பாடியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குக் கடற்கரை ஊர்களில் தனி மவுசு இருந்தது. கல்யாண வீட்டு மைக்செட்டில் ‘திருவிளையாடல்’ கதை வசனம் முழு இசைத்தட்டாக ஓடியபோது தெருவே அதைக் கேட்டது. மறுநாள் டீக்கடையில் தருமியின் வசனத்தை அப்படியே ஒப்பிக்கும் ஆள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்.

கேட்டதைக் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இசைக்கு வெளியே ஒரு சான்று உண்டு. 1956-ல் புனே வட்டாரக் கிராமங்களில் யுனெஸ்கோ துணையோடு பண்ணை வானொலி மன்றங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நிகழ்ச்சியைச் சேர்ந்து கேட்பது, கேட்டதை விவாதிப்பது, சந்தேகத்தை வானொலி நிலையத்துக்கு எழுதிப்போடுவது என்பது அதன் முறை. 1960-களில் திருச்சி வானொலி நிலையம் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி இடைவிடாமல் பேச, காவிரிப் படுகை உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். தனியாகக் கேட்டு மறந்துபோகும் செய்தி, நாலு பேர் வாயில் புழங்கினால் வயலுக்குப் போகிறது. இசைக்கும் இது பொருந்தும்.

புதுக்கோட்டையில் இப்படி ஒரு கேட்புக் குழு தொடங்கினால் எதைக் கேட்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆவுடையார்கோவில் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை அதுவே. அவருடைய திருவாசகத்தை இளையராஜா 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து தொகுப்பாக்கினார். ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். ஓதுவார் மரபில் திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது வழக்கம். ராஜா அந்த மரபை எங்கே தொடுகிறார், எங்கே விட்டு விலகுகிறார்? வயலின்களும் கோரஸும் சேரும்போது சொல்லின் உருக்கம் கூடுகிறதா, குறைகிறதா? அறந்தாங்கிக்காரரும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜெகதாப்பட்டினத்துக்காரரும், சிவன் கோயில் ஓதுவாரும் ஒரே குழுவில் இருந்தால் இந்தப் பேச்சு ஒரு வாரத்தில் தீராது. ‘திஸ் மொமென்ட்’ தொகுப்பிலும் ‘மோகனம்’ என்றே ஒரு பாட்டு உண்டு. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்தால், ஐந்து சுரம் எத்தனை விதமாகப் பேசும் என்பது பாடம் படிக்காதவர் காதுக்கும் பிடிபடும்.

அடுத்தது பி.யு.சின்னப்பா. 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்து, பாடி நடித்து உச்சம் தொட்டு, 1951-ல் 35 வயதில் மறைந்தவர். 1944-ல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் அவரே பாட, அவரே பக்கவாத்தியங்களும் வாசிக்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. லயத்துக்குப் பேர்போன ஊரில் வளர்ந்த நடிகரின் விரல், அந்தக் காட்சியில் தாளத்தோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று ஒரு மிருதங்க ஆசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கேட்பவருக்குப் பெரிய விருந்து. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் சாயலைக் காட்டி, சங்கதி போட்டு, முடித்துவைத்த சாமர்த்தியமும் பேச்சுக்கு உரியது.

இசையைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் வைப்பது இந்த மண்ணில் மிகப் பழைய வழக்கம். குடுமியான்மலையில் சுமார் 1,300 ஆண்டுக்கு முன் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டில் சுரக்கோவைகள் ஏழு தொகுதிகளாக இருக்கின்றன. உருத்திராச்சாரியாரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நலனுக்காக இவற்றை இயற்றினார் என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசர் மகேந்திரவர்ம பல்லவர் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள்; ஆய்வாளர்கள் சிலர் அதை மறுத்துவிட்டார்கள். சமஸ்கிருதக் கல்வெட்டின் அடியில் தமிழில் உள்ள ஒரு சிறு குறிப்பு, எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்கிறது. அந்த எட்டும் ஏழும் என்ன என்று இன்னும் வாதம் ஓயவில்லை. ஆய்வாளர் பண்டார்கர் அந்தக் கல்வெட்டை ‘எபிகிராபியா இண்டிகா’வில் பதிப்பித்து நூறாண்டு தாண்டியும் பேச்சு நடக்கிறது என்றால், அந்தப் பாறையை வெட்டியவர்களின் நோக்கம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

குழு நடத்துவதில் சில கறாரான விதிகள் வேண்டும். ‘அருமை’ என்று போட்டுக் கைதட்டும் படம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போவது பேச்சு ஆகாது. எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எது பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்பவரை விரட்டக் கூடாது. ராஜாவா ரகுமானா என்ற சண்டைக்கு அங்கே இடமே கூடாது. ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘வந்தே மாதரம்’ (1997) இரண்டையும் முழுதாகக் கேட்டவர்கள் அந்தச் சண்டையில் நேரம் கழிக்க மாட்டார்கள். சாத்திரியச் சங்கீதம் மட்டும் என்று வேலி போடுவதும் தவறு. நாகூர் ஹனீபாவின் பாடல்கள், எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, கிராமியக் கலைஞர்களின் கேசட் என எல்லாமே இந்த மாவட்டம் கேட்டு வளர்ந்தவைதான். விராலிமலையில் சதிர் மரபைக் காத்து 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாள் பாடி ஆடிய பதிவுகளும் இந்த வரிசையில் வர வேண்டும்.

பகிர்வதில் நேர்மையும் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். சின்னப்பா காலத்து இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமைக் காலம் முடிந்துவிட்டது; ஆனால் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தனியாக இருக்கிறது. ஆகவே கோப்பை அனுப்புவதைவிட, உரிமையோடு வெளியான இணைப்பை அனுப்புவதே முறை. வாழும் கலைஞரின் தொகுப்பைப் பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்கவும் வேண்டும். கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட ஒரு தொகுப்புக்குச் சில நூறு ரூபாய் தரத் தயங்குவது கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி.

இதைத் தொடங்கப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னின்று, மாவட்டத்தின் ஓய்வுபெற்ற வித்வான்களையும் பழைய மைக்செட்காரர்களையும் இசைத்தட்டு சேர்ப்பவர்களையும் அழைத்துக்கொண்டால் போதும். வாரந்தோறும் கேட்ட தொகுப்பின் பெயர், வெளியான ஆண்டு, வாசித்த ஒவ்வொருவரின் பெயர், பேச்சில் வெளிப்பட்ட தகவல்கள் ஆகியவற்றை மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களைச் சேர்த்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்ட ஞானாலயா நூலகம் இந்த ஊரில் தனிமனித முயற்சியில் எழுந்தது. அந்தக் குறிப்பேட்டின் ஒரு படியை அங்கேயும், இன்னொன்றைத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்திலும் வைத்தால், பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த பதிவைத் தேடி நாளை வரும் மாணவர் பாடகரின் பெயரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வளைக்காமல் நேராக அவர் பெயரிலேயே தேடலாம்.