அசையாமல் உட்கார்ந்திருந்த பறவை

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போனால் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல்தான் எனக்கு இடம். மாப்பிள்ளையின் பழைய கேமராவும் ஒரு டம்ளர் காப்பியும் போதும். ராபினுக்குப் பயமே கிடையாது. மண்ணைக் கிளறினால் புழுவுக்காகக் காலடிக்கே வந்து நிற்கும். புளூ டிட் அப்படியல்ல, ஒரு விதையைக் கவ்விக்கொண்டு மரத்துக்கு ஓடிவிடும். என்னிடம் உள்ள புளூ டிட் படங்களில் பாதி வெறும் வால்தான்.

ஒருநாள் தீனிப்பலகையில் ஒரு கிரீன்ஃபிஞ்ச் வந்து உட்கார்ந்தது. பாசிப்பச்சை உடம்பு, சிறகோரம் மஞ்சள். இறகைச் சிலிர்த்துப் பந்து மாதிரி இருந்தது. கதவைத் திறந்து ஆறடி தூரம்வரை போனேன், பறக்கவில்லை. என்ன அதிர்ஷ்டம் என்று இருபது படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். ஏகப்பட்ட பாராட்டு. மறுநாள் காலை அது பலகைக்குக் கீழே செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் விளக்கினார். ட்ரைக்கோமோனோசிஸ் என்று ஒரு நோய். தொண்டையில் ஒட்டுண்ணி வளர்ந்து இரையை விழுங்க விடாது. எச்சில் பட்ட தீனியிலும் தண்ணீரிலும் அடுத்த பறவைக்குப் போகும். 2005-இல் பிரிட்டனின் ஃபிஞ்ச் இனங்களில் தென்பட்டது. 2021-இல் கிரீன்ஃபிஞ்ச் சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டது.

தீனியே வைக்காதே என்று நான் சொல்லவில்லை. "பனியில பட்டினி கிடக்கட்டுமாப்பா?" என்று மகள் கேட்டதும் நியாயம்தான். ஆனால் தட்டைப் பலகை வேண்டாம். எச்சிலும் எச்சமும் அதில்தான் தேங்குகின்றன. ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமே 2025-இல் அந்த மாதிரிப் பலகைகளை விற்பதை நிறுத்திவைத்தது. எங்களைப் போன்ற படப் பைத்தியங்களுக்குத்தான் அதை விட மனசு வராது; கம்பி, குழாய் எதுவும் குறுக்கே வராமல் பறவை முழுசாகக் கிடைக்குமே! அந்த ஆசைக்காக அதுகளை ஒரே தட்டில் சாப்பிட வைப்பது அநியாயம்.

பலகையைக் கழற்றிவிட்டோம். இப்போது தொங்கும் குழாய்தான். வாரம் ஒருமுறை அதைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுவது என் வேலை. காய்ந்தால் அந்தக் கிருமி பிழைக்காதாம். தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன். உப்பிப்போய் அசையாமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் கேமராவை எடுப்பதில்லை. குழாயை இறக்கி இரண்டு வாரம் உள்ளே வைத்துவிடுகிறோம்.

ஜனவரிக் கடைசியில் அந்தச் சங்கம் 1979 முதல் நடத்தும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ண வேண்டும். போன முறை பேத்தியும் நானும் எண்ணினோம். ராபின் ஒன்று, புளூ டிட் நான்கு, கரும்பறவை இரண்டு. கிரீன்ஃபிஞ்ச் வரவில்லை.