கடலில் கலப்பது வீணா?

காவேரிப்பட்டினம்! பெயரிலே காவிரி; ஊரைத் தொட்டு ஓடுவதோ தென்பெண்ணை. பெயரிலே பட்டினம், கப்பலும் இல்லை, கடலும் இல்லை. அலையோசை கேட்க வேண்டுமானால் கடலூருக்குப் போக வேண்டும். இந்த ஊரில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும், தோழர்களே! "ஆற்றுநீர் கடலில் கலந்து வீணாகிறது" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். மாற்றார் மட்டுமா? நாமும் முழங்கியிருக்கிறோம், கைதட்டலும் வாங்கியிருக்கிறோம்.

வீணா?

ஆற்றுமங்கை கடலரசனை மணக்கிறாள் என்று புராணிகர் கதையளப்பர். கழிமுகத்திலே நடப்பது கல்யாணமல்ல, சமையல்! நந்திமலையிலே பிறந்து, ஒசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் கடந்து, கடலூரை அடுத்த தாழங்குடா அருகே கடல் சேரும் தென்பெண்ணை வெறுங்கையோடு போவதில்லை. வயலின் தழைச்சத்தையும், மண்ணின் மணிச்சத்தையும், பாறையில் கரைந்த சிலிகாவையும் சுமந்து செல்கிறது. கனத்த உப்புநீர் அடியிலே நுழைய, இலேசான நன்னீர் மேலே படர்கிறது. உப்புப் பட்டதும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிகின்றன. அவற்றைப் பற்றியிருந்த மணிச்சத்தில் ஒரு பகுதி விடுபட்டு நீரில் கரைகிறது. சேற்று நுண்ணுயிர்கள் இலைதழையை மக்கவைத்து மேலும் சத்தைப் பிரிக்கின்றன. ஓதம் வடியும்போது அந்தக் கலங்கல் கடலுக்குள் இழுபடுகிறது. அங்கே வெயில்பட்டு நுண்பாசி பெருகும். அதை உண்டு மிதவைப் பூச்சிகள் பெருகும். இவற்றைத் தின்று நெத்திலியும் மத்தியும் கொழுக்கும். நம் ஊர்ச் சந்தையிலே பாட்டாளி வாங்கும் கருவாட்டுக்குள் நம் ஆற்று மண்ணின் சத்தும் இருக்கக்கூடும்!

எகிப்தைப் பாருங்கள். அசுவான் பேரணை 1964இல் நைலை மறித்தது. அதற்கு முன், வெள்ளக் கலங்கலை நாடி மத்தி இன மீன்கள் திரளும். 1962இல் பிடித்தது ஏறத்தாழ 18,000 டன். அந்தப் பத்தாண்டின் இறுதியில் சில நூறு டன். அணையே கூடாது என்கிறோமா? இல்லை! 1950களில் எழுந்த கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் எத்தனை அடுப்புகளை எரியவைத்தன என்பதை அறியாதவரல்லர் நாம். கடல் பெறும் பங்கை 'வீண்' என்ற தலைப்பிலே கணக்கெழுதாதீர் என்கிறோம்.

அப்படியானால் சாக்கடையும் சத்துதானே என்பார் குதர்க்கவாதி. எகிப்திலேயே 1980களில் மீன்பாடு திரும்பியது, அதற்கு நகரச் சாக்கடையும் உரமும் உதவின என்று ஆய்வாளர் கூறுவதையும் எடுத்துக் காட்டுவார். அளவான உப்பு குழம்புக்கு ருசி; அள்ளிக் கொட்டினால்? மிசிசிப்பி ஆறு கொட்டும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவிலே கோடைதோறும் பாசி மிகுந்து, மடிந்து, அழுகி, அடிநீரின் உயிர்க்காற்றைக் குடித்துவிடுகிறது. ஓடத் தெரிந்த மீன் ஓடுகிறது, மற்றவை சாகின்றன. மேலும், சாக்கடையிலே தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி, சிலிகா குறைவு. ஆற்றுச் சிலிகாவிலும் ஒரு பகுதியை அணை பிடித்துக்கொள்கிறது. மீனுக்கு நல்லுணவான டயாட்டம் பாசி சிலிகா இல்லாமல் ஓடு கட்டாது. வேண்டாத பாசி முந்திக்கொள்ளும்.

இங்கே நிலை என்ன? பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் கழிவு தென்பெண்ணையில் இறங்குகிறது. ஒசூர் கெலவரப்பள்ளி அணையிலே அது வெண்ணுரையாய்ப் பொங்கியதைப் பலமுறை கண்டோம். பாற்கடல் இதுதான் என்று எவரும் பூசை போடாதது நம் நற்பேறு! கன்னடத் தொழிலாளியை நாம் பழிக்கவில்லை. அந்த நாற்றத்திலே முதலில் குடியிருப்பவன் அவனே. நம் பக்கத்து ஆலைக்கழிவுக்கும், வயலில் அளவு மீறிக் கொட்டும் யூரியாவுக்கும் பெங்களூரா பொறுப்பு?

ஆகவே, கிளைத் தோழர்களே, இரண்டு கேள்விகளோடு அதிகாரிகளிடம் செல்லுங்கள். எல்லை தாண்டும் இடத்திலே நீரில் எவ்வளவு தழைச்சத்து, எவ்வளவு மணிச்சத்து? மழைக்காலத்திலே கழிமுகத்துக்கென ஒதுக்கிய பங்கு எவ்வளவு? மாதந்தோறும் அந்த எண்களைக் காவேரிப்பட்டினம் பேரூராட்சிப் பலகையிலும் தாழங்குடா மீனவர் கூடும் இடத்திலும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.