வினா முந்துக, திரை பின்தொடர்க

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குத் திறன்பலகையும் கணினியும் வந்துவிட்டால் கல்வி தானே செழித்துவிடும் என்னும் நம்பிக்கை அதிகாரிகளிடத்தும் பெற்றோரிடத்தும் இன்று வேரூன்றி வருகின்றது. அவ்வுபகரணங்கள் வரவேண்டும் என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஆயினும் எதைக் காட்டுவதற்காக அவை வருகின்றன என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளாவிடின், கரும்பலகையைப் பார்த்து எழுதிய மாணாக்கன் நாளை ஒளிரும் பலகையைப் பார்த்து எழுதுவானேயன்றி வேறு மாற்றம் எதுவும் நிகழாது.

மாணாக்கர் தாமே வினவி, ஆராய்ந்து, முடிவு காணும் முறை புதியதன்று. அமெரிக்க அறிஞர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தமது பரிசோதனைப் பாடசாலையைத் தொடங்கினார். நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சீர்திருத்தம், ஆர்வமூட்டலில் தொடங்கி மதிப்பீட்டில் முடியும் ஐந்து படிகளைக் கொண்ட கற்பித்தல் முறையை உபாத்தியாயர் கையில் தந்தது. அது தோட்டப் பாடசாலைகளில் தழைக்காமற் போனதற்குப் பிள்ளைகளின் மந்தபுத்தி காரணமன்று. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்த பின்னரும் இப்பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் தயவிலேயே கிடந்து, எழுபதுகளில் தொடங்கித்தான் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. அந்தத் தாமதத்தின் சுமையாக விஞ்ஞான ஆசிரியரின்மையும் ஆய்வுகூடமின்மையும் நீடிக்க, அவற்றின்மேல் புலமைப்பரிசில் முதல் சாதாரண தரம் வரை மனனத்தையே பெரிதும் மதிக்கும் பரீட்சைகளும் ஏறி அமர்ந்துகொண்டன.

ஆனால் வினாக்களுக்கு அங்கே பஞ்சமேயில்லை. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறப்பர் மரத்தில் பால் வெட்டச் செல்லும் தாய், பொழுது ஏறுமுன்னரே மலைக்குப் போவது ஏன்? அமிலம் ஊற்றினால் உறைந்துவிடும் பால், அமோனியா சேர்த்தால் உறையாமல் இருப்பது ஏன்? வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுவதால் மரத்தினுள் அழுத்தம் தணிந்து பால் ஒழுக்குக் குறைகிறது என்னும் தாவரவியலும், அமிலம் காரம் என்னும் இரசாயனவியலும் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலிலேயே பிரத்தியட்சமாக நிற்கின்றன. அப்படியிருக்க, அதே பாடத்தை அவன் கண்டறியாத பொருள்களைக் கொண்டு மனனஞ் செய்விப்பது, அவனுடைய அனுபவத்துக்கும் அவன் பெற்றோரின் உழைப்புக்கும் நாம் இழைக்கும் அநீதியாகும்.

இன்னொரு வினா உயிரோடு சம்பந்தப்பட்டது: எவ்வளவு மழை பெய்தால் மலை சரியும்? 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாளில், புளத்கொஹுபிட்டி களுப்பான தோட்டத்து லயக் குடியிருப்பும் மண்ணிற் புதைந்து பலர் மாண்டனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தைக் கணிக்கையில், 24 மணி நேரத்தில் பெய்த மழை 75, 100, 150 மில்லிமீற்றர் என்னும் எல்லைகளைக் கடக்கும்போது முறையே விழிப்பு, எச்சரிக்கை, வெளியேற்றம் எனப் படிப்படியாக அறிவிக்கின்றது. நேர்ப்பக்கமுள்ள ஒரு பாத்திரமும் அளவுகோலும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளைகள் நாள்தோறும் மழையை அளந்து பதியலாம். எந்தச் சரிவில் வடிகான் அடைபட்டிருக்கிறது, எங்கே நிலம் வெடித்திருக்கிறது என்பதைப் பெரியோர் துணையோடு அவதானிக்கலாம். இதைவிடப் பிரயோசனமான புவியியற் பாடம் எதுவென்று நான் அறியேன்.

தொழில்நுட்பத்துக்குரிய இடம் இங்கேதான் தெளிவாகின்றது. வாசலுக்கு வெளியே இருப்பதைத் திரையிற் காட்டுதல் வீண். கண்ணுக்கு எட்டாததையும் தூரத்தில் உள்ளதையும் காட்டுதலே திரையின் தருமம். இறப்பர்ப் பாலின் நுண்துணிக்கைகளையும் மலையின் உட்படைகளையும் அது காட்டட்டும்; பிள்ளைகள் அளந்த மழையைக் கணினி வரைபடமாக்கட்டும்; இறக்குவானைப் பிள்ளைகளின் கணக்கைத் தெரணியகலைப் பிள்ளைகளின் கணக்கோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் தேட இணையம் உதவட்டும். பாடசாலைகள் மூடப்பட்ட 2020இல், கைப்பேசியில்லாத வீட்டுப் பிள்ளைகள் கல்வியின் வாசலுக்கு வெளியிலே நின்றதை மறவாமல், இவ்வுபகரணங்களை எல்லோருக்கும் பொதுவாகப் பாடசாலையிலேயே வைத்துப் பேணுதல் நன்று.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், மின்சாரத்தை நம்பியன்று, அட்டைகளையும் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் நம்பியே புறப்பட்டது. ஆகவே மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு என் வேண்டுகோள் இதுவே: முதற் செலவு விஞ்ஞான ஆசிரியருக்கும் அவருடைய பயிற்சிக்கும் ஆகுக, அடுத்த செலவு உபகரணத்துக்கு ஆகுக, பிள்ளை தானே ஆராய்ந்து எழுதிய குறிப்புக்குப் பரீட்சையிற் புள்ளி வழங்கப்படுக. தேயிலையாலும் இறப்பராலும் நாட்டை வாழ்வித்த மக்களின் சந்ததி, அவ்விரண்டின் விஞ்ஞானத்தையும் பிறர் சொல்லக் கேட்டு ஒப்புவிப்பதோடு நின்றுவிடாமல், தானே ஆராய்ந்து உலகுக்கு உரைக்கும் தகுதியைப் பெறவேண்டும். அத்தகுதியை அளிப்பது சலுகையன்று, நெடுங்காலமாக நாம் செலுத்தாதிருக்கும் கடன்.