கை வைக்காத படம்

அதிகாலையில் எழுந்து மலையையும் ஏரியையும் வயலையும் படம் பிடிக்கிறவர்களுக்குள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்தலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. திருத்துவதும் கலைதான் என்கிறது ஒரு கட்சி. திருத்துவது மோசடி என்கிறது இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்காரர்கள் தங்கள் படங்களுக்குக் கீழே, "இதில் கை வைக்கவில்லை" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற மாதிரி ஒரு வரியும் எழுதிவிடுகிறார்கள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எழுதியதை அடிப்பதும் திருத்துவதும் என் தொழில். அதனால் இந்தச் சத்தியத்தைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்புக்குப் பின்னால் கோபமும் வருகிறது. இது பொய்ச் சத்தியம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கை வைக்காத படம் என்று ஒன்று கிடையாது. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி மிக நீண்ட காற்றுப் பாதையைக் கடந்து நம்மிடம் வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப் போய்விடுகிறது. எஞ்சிய செம்மையைத்தான் விடியல் என்று நாம் கொண்டாடுகிறோம். காமிராவுக்கோ அது ஒரு பிழை. வெள்ளைக் காகிதம் எந்த வெளிச்சத்திலும் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதன் போக்கில் விட்டால் அந்தச் செம்மையில் பாதியைத் துடைத்துவிடப் பார்க்கும். நீங்கள் கை வைக்காவிட்டால் காமிரா கை வைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விடியற்காலையில் வானம் பிரகாசமாக இருக்கும், பூமி இருட்டாக இருக்கும். இரண்டையும் ஒருசேரப் பிடிப்பதற்காக, பாதி இருண்டு பாதி தெளிந்த ஒரு கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் செருகுவார்கள். இதற்குத் தூய்மைக் கட்சியின் பூரண சம்மதம் உண்டு. அதே வானத்தை, அதே அளவுக்கு, கம்ப்யூட்டரில் இருட்டாக்கினால் மட்டும் மோசடியாம்! ஏரிக்கரையில் செய்தால் ஆசாரம், மேஜைமேல் செய்தால் அநாசாரம். இதற்குப் பெயர் தர்மமா?

இது நேற்று முளைத்த பாவமும் அல்ல. பிரான்ஸ் தேசத்துக் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857-ம் ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் உலகப் புகழ் பெற்றவை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கடல் சரியாக விழும்படி எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே அவர் சில படங்களில் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என்று தனித்தனியே எடுத்து, ஒரே காகிதத்தில் அச்சிட்டார். ஒரே மேகம் வெவ்வேறு கடல்களின்மேல் மிதந்ததும் உண்டு!

"அப்படியானால் எது வேண்டுமானாலும் செய்யலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. ஆனால் குற்றம் நடக்கிற இடம் நீங்கள் காவல் காக்கிற இடமல்ல.

ஒரு புகைப்படப் போட்டிக்கு என்னையும் நடுவர்களில் ஒருவனாக அழைத்திருந்தார்கள். திருத்திய படங்களுக்கு இடமில்லை என்பது முதல் விதி. பழவேற்காடு ஏரியில் எடுத்த ஒரு விடியற்காலைப் படம் எல்லோரையும் மயக்கிவிட்டது. அடிவானம் நடுவில் விழாமல் மேலே மூன்றில் ஒரு பங்கில் நின்றது. முன்னால் ஒரு படகு. அதன் கூர்முனை நம் கண்ணை நேரே சூரியனிடம் அழைத்துக்கொண்டு போயிற்று. இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. படத்தை எடுத்த இளைஞரைப் பிறகு சந்தித்தபோது, "படகுக்காரர் எங்கே, தம்பி?" என்று கேட்டேன்.

"அவரை இறங்கிக் கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொன்னேன், சார். அந்தப் பெரியவர் நடுவிலே நின்னா காம்பொஸிஷன் கெட்டுப் போகும்."

இருட்டோடு எழுந்து தொழிலுக்கு வந்த மனிதர். அவருடைய படகு, அவருடைய ஏரி, அவருடைய காலை. அதிலிருந்து அவரையே இறக்கியாகிவிட்டது. விதி மட்டும் மீறப்படவில்லை! கை வைக்காத படம் என்றால் இதுதான். கம்ப்யூட்டரில் கை வைக்கவில்லை. ஒரு மனிதன் தோளில் கை வைத்து ஒதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பெரிய கலைஞரின் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸ் 1944-ல், கலிபோர்னியாவில் லோன் பைன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு குளிர்கால விடியலைப் படம் பிடித்தார். மேலே வெயில் பட்ட பனிமலை, நடுவே கறுத்த குன்றுகள், கீழே மேய்ச்சல் நிலத்தில் ஒரு சின்னக் குதிரை. அந்தக் குன்றின்மேல் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் கற்களால் எல், பி என்று ஊரின் முதலெழுத்துக்களைப் பெரிதாக அமைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அவற்றை நெகட்டிவிலேயே அழித்துவிட்டார். அழித்ததை மறைக்கவும் இல்லை. தாமே எழுதி வைத்தார். தூய்மைக் கட்சிக்காரர்களுக்கு இது போதாதா? அந்த இரண்டு எழுத்துக்களைப் பிடித்துக்கொண்டு ஒரு மகாபாரதமே நடத்தலாம்.

ஆனால் அங்கிருந்து சுமார் 10 மைல் வடக்கே மன்ஸனார் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 முதல், ஜப்பானிய வம்சாவளியினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்க அரசாங்கம் முள்வேலிக்குள் அடைத்து வைத்த முகாம் அது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். அதே மலைத்தொடர்தான் அவர்கள் கண்ணெதிரே. அதே சூரியன்தான் அவர்கள் கூரைமேலும் எழுந்தது. ஆடம்ஸ் 1943-லும் 1944-லும் அந்த முகாமுக்குள்ளே போனார். அங்கிருந்தவர்களின் முகங்களையும் வேலைகளையும் படமெடுத்து 1944-லேயே புத்தகமாகப் போட்டார். எழுத்தை அழித்த கை, மனிதனை அழிக்கவில்லை. குதிரை நிற்கிற படம் எத்தனையோ சுவர்களில் தொங்குகிறது. அந்த முகங்கள் உள்ள புத்தகம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? குற்றவாளி ஆடம்ஸா, ரசிகர்களாகிய நாமா?

நாம்தான். ஆளில்லாத காலையை விரும்பிக் கேட்கிறவர்கள் நாம்தான். தினமும் காலை வணக்கம் சொல்லிப் போனில் வருகிற படங்களைப் பாருங்கள். பனி இருக்கும், பூ இருக்கும், குடிசைகூட இருக்கும்; குடிசையில் குடியிருக்கிறவன் இருக்க மாட்டான். நம்முடைய இந்த ருசி வியாபாரிகளுக்கும் தெரிந்துவிட்டது. ஃபோட்டோஷாப்பில் 2020-ல் ஒரே சொடுக்கில் வானத்தை மாற்றும் வசதி வந்தது. 2021-ல் கூகுளின் பிக்ஸல் போனில், பின்னணியில் விழுந்த ஆளை விரலால் துடைத்தெடுக்கும் வசதி வந்தது. வானத்தை மாற்றுகிறவனைக்கூட நான் மன்னித்துவிடுவேன். மேகம் வழக்குப் போடாது. ஆளைத் துடைக்கிறவனை எப்படி மன்னிப்பது?

"இயற்கையை இயற்கையாகவே ரசிக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக ரசியுங்கள். மனிதக் காலடி படாத பனிமலைக்குப் போய் மனிதன் இல்லாத படம் எடுங்கள். யார் வேண்டாம் என்றது? ஆனால் நெல் வயல் தானாக முளைத்த இயற்கையா? வரப்பை வெட்டியது யார்? ஏரிக்குக் கரை கட்டியது யார்? வரப்பின் வளைவு வேண்டும், மண்வெட்டி பிடித்தவன் வேண்டாம்; படகு வேண்டும், படகோட்டி வேண்டாம் என்பது சௌந்தரிய உபாசனை அல்ல. வேலைக்காரனைக் கொல்லைப்புற வழியாக வரச் சொல்கிற பழைய மிராசுத்தனம்தான், காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

நானும் என் கதைகளில் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுகிறேன். வர்ணனையை வெட்டுகிறேன், உபதேசத்தை வெட்டுகிறேன். ஆனால் கதை யாருடையதோ, அவனையே வெட்டிவிட்டு மிச்சத்தை அழகு என்று அச்சேற்றினால், என் பேனாவை நீங்கள் பிடுங்கிக்கொள்ளலாம். காமிராவுக்கும் அதே நியாயம்தான். நிழலைத் தூக்குங்கள், செம்மையைக் கூட்டுங்கள், குறுக்கே தொங்குகிற கம்பியை எடுத்துவிடுங்கள். பிறகு, அந்த இடத்தில் தினமும் விடியற்காலையில் எழுந்து வேலை பார்க்கிற ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "ஆமாம், எங்கள் ஊர்க் காலைதான்" என்று அவர் சொன்னால், நீங்கள் ஆயிரம் திருத்தம் செய்திருந்தாலும் அது உண்மை. "இது எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டால், ஒரு புள்ளியைக்கூட நீங்கள் தொடாவிட்டாலும் அது பொய்.

ஆகவே வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். "இதில் கை வைக்கவில்லை" என்று யாராவது இனிமேல் பெருமையாகப் படத்தை நீட்டினால், மயங்கிவிடாதீர்கள். "சரி ஐயா, யாரை ஒதுங்கச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள்.